கோழியைக் கையில் வாங்கிப் பார்த்த காலம்

கோழியை உயிரோடு வாங்காமல் கறியாக வாங்கும் வழக்கம் நம் ஊர்ப்பக்கம் பரவி ஐம்பது ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. அதற்கு முன்பு, கோழி நல்லதா கெட்டதா என்று பார்ப்பதெல்லாம் அது இறக்கை அடித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். கறியான பிறகு பார்க்க ஒன்றுமில்லை. அடித்த கொஞ்ச நேரத்தில் சட்டிக்குப் போய்விடும். மத்தியானம் அடித்தது ராத்திரிவரை மிஞ்சினால் அது விருந்தே இல்லை. கெட்டுப்போக அந்தக் கறிக்கு அவகாசமே கிடைத்ததில்லை.

நான் கொங்கு நாட்டில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆரம்பத்தில் என்னைத் தேடி வந்தவர்கள் சினை பிடிக்காத மாட்டைப் பற்றியும் கழிகிற ஆட்டைப் பற்றியும் கேட்டார்கள். பிற்காலத்தில், பாலிதீன் பையின் வாயை விரித்துக் காட்டி, “டாக்டருங்க, இந்தக் கறி நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுடைய பாட்டி யாரும் அப்படி ஒரு கேள்வியை யாரிடமும் கேட்டிருக்க மாட்டாள். அவளுக்கு விடை தெரியும் என்பதால் மட்டுமல்ல. அவள் பார்த்தது வேறொரு பொருளை.

சந்தையில் கோழி பார்ப்பது ஒரு தனி வித்தை. சனிக்கிழமை குண்டடத்திலும் வியாழக்கிழமை அய்யலூரிலும் கூடும் ஆடு, கோழிச் சந்தைகளில் இன்றைக்கும் அதை நன்றாகப் பார்க்கலாம். என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவள், சந்தைக்குப் போனால் முதலில் எந்தக் கோழியையும் தொடமாட்டாள். காலைக் கட்டிப் போட்டிருக்கும் கோழிகளுக்கு எதிரில் நின்று சும்மா பார்ப்பாள். ஆள் பக்கத்தில் வந்தும் தலையைத் தூக்காத கோழி, கண்ணைப் பாதி மூடி இறக்கையைத் தொங்கப்போட்ட கோழி என்றால் அந்த வியாபாரியை விட்டே நகர்ந்துவிடுவாள். ஒரு கோழி தூங்கினால் அதோடு ஒரே கூடையில் வந்த மற்றவற்றையும் நம்பக்கூடாது என்பது அவள் கணக்கு. தொற்றுநோய்ப் பாடத்தில் எனக்குப் பல பக்கங்களில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

பிறகு கை வேலை. இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி எடை பார்ப்பாள். கொண்டையும் தாடியும் சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தம் இல்லாத கோழி, கறுத்து நீலம் பாரித்திருந்தால் மூச்சுக்குத் திணறும் கோழி. நெஞ்சுத் தூவியை வாயால் ஊதி விலக்கித் தோலின் நிறத்தையும் செல்லுப்பூச்சி மேய்கிறதா என்பதையும் பார்ப்பாள். வாலைத் தூக்கிப் பின்புறம் பார்ப்பாள். அங்கே தூவியில் வெள்ளையோ பச்சையோ அப்பியிருந்தால் கழிச்சல். வயதுக்குக் காலில் உள்ள முள்ளைப் பார்ப்பாள். நீண்டு வளைந்த முள் கிழட்டுச் சேவலைக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாக நெஞ்செலும்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்துவாள். வளைந்து கொடுத்தால் இளங்கோழி. குத்தினால் இரண்டு மணி நேரம் வெந்தாலும் ரப்பர்தான். இளங்கோழியின் நெஞ்செலும்பு நுனி குருத்தெலும்பாக இருப்பதும் வயதாக ஆக அது எலும்பாக இறுகுவதும் உடற்கூற்றியல். அவளுக்கு அது விரல் நுனியில் இருந்தது.

இத்தனையும் பார்த்து முடிப்பதற்குள் வியாபாரிக்குப் பொறுமை போய்விடும். “ஏனுங்க ஆத்தா, கோழி பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?” என்று ஒருவர் கேட்டார். “பொண்ணுன்னா நாலு நாளு பழகிப் பாத்துக்கலாமுங்க. கோழி இன்னிக்கே சட்டிக்குப் போகோணுமுல்லொ?” என்றாள் அமுச்சி.

வியாபாரிகளும் லேசுப்பட்டவர்கள் அல்லர். சந்தைக்குக் கிளம்பும் முன் சோளமோ கம்போ வயிறு முட்டத் தின்னவைத்துத் தண்ணீரும் காட்டிக் கூட்டி வருவார்கள். கழுத்தடியில் இரைப்பை பந்துபோலப் புடைத்திருந்தால் அதில் ஒரு பங்கு எடை தானியம். வாங்குகிறவர் அதைத் தொட்டுப் பார்த்து விலையைக் குறைப்பார். இறைச்சிச் சுகாதாரம் படித்த எனக்கு அதில் இன்னொரு கவலை உண்டு. அறுப்பதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும். குடல் நிறைந்த கோழியை வெட்டினால் குடல் கிழிந்து கறியில் எச்சம் படும். சந்தையில் எடையை மட்டும் கூட்டிக் காட்டும் நிறைந்த இரைப்பை, அறுக்கும் இடத்தில் கெட்ட அறிகுறி.

இவ்வளவு கவனத்துக்கும் பின்னால் ஒரு பயம் இருந்தது: வெள்ளைக்கழிச்சல். கோடை தொடங்கும் சமயத்தில் ஊருக்குள் நுழைந்தால் ஒரு வாரத்தில் தெருவிலுள்ள பஞ்சாரமெல்லாம் காலியாகிவிடும். ராணிக்கெட் நோய் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் கண்டறியப்பட்ட இந்த நோய், 1920களின் கடைசியில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் பதிவானது. இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்தது. அதே மலைப்பகுதியில் முக்தேஸ்வரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையம்தான் பின்னால் அதற்குத் தடுப்பூசியையும் தந்தது. பிப்ரவரியில் எங்கள் துறை ஊர் ஊராக இருவார முகாம் போட்டு இலவசமாக ஊசி போடுவது கோடைக்கு முந்திக்கொள்ளத்தான்.

முகாம்கள் வருவதற்கு முந்திய காலத்தில், பக்கத்து வீட்டில் கோழி சாகத் தொடங்கினால் தன் வீட்டில் நிற்பதை உடனே அடித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். அல்லது அடுத்த சந்தையில் தள்ளிவிடுவார்கள். அடித்துத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராணிக்கெட் கிருமியால் மனிதருக்கு வருவது பெரும்பாலும் கண் சிவப்பதோடு சரி. அதுவும் கோழியைக் கையாள்கிறவர்களுக்கு. சந்தையில் தள்ளியதுதான் கேடு. நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனது. அதனால்தான் வளர்க்க வாங்கிய கோழியைச் சில நாள் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கும் வழக்கம் வந்தது. சமைக்க வாங்கியதற்கு அந்தத் தயவு கிடையாது.

வீட்டில் அடிக்கும் முறையிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. வெந்நீரில் முக்கி மயிர் பிடுங்கி, காய்ந்த ஓலையைக் கொளுத்தி அந்தத் தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, அப்புறம்தான் கத்தி வைப்பார்கள். தீயில் வாட்டும்போது பொடிமயிர் கருகுவதோடு தோலின் மேலுள்ள கிருமிகளும் ஓரளவு சாகும். மஞ்சள் கவிச்சியை அடக்கும். வயிற்றைக் கீறியதும் ஈரலைப் பார்ப்பது பெண்களின் வழக்கம். கருஞ்சிவப்பாக, வழவழப்பாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் சரி. வெள்ளைப் புள்ளி விழுந்த ஈரலையோ வீங்கிப் பொடியும் ஈரலையோ நாய்க்குக்கூடப் போடாமல் புதைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பிரேதப் பரிசோதனையில் நாங்கள் முதலில் பார்க்கும் உறுப்புகளில் ஈரலும் ஒன்று.

ஆட்டின் கதை வேறு. ஆடு பெரிய உயிர். ஒரு வீடு ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. அதனால் அது எப்போதோ கடைக்கறி ஆகிவிட்டது. நகராட்சி ஆடுவதைக் கூடமும் அங்கே பார்த்துவிட்டுத் தொடையில் குத்தும் முத்திரையும் அதற்கு வந்தன. கோழிக்கு அந்த முத்திரை வரவில்லை. அதை வீட்டுக் கொல்லையில் அடிப்பதால் அதிகாரிக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அமெரிக்காவிலும் கதை இதேதான்: 1906-இல் வந்த இறைச்சி ஆய்வுச் சட்டம் மாடு, ஆடு, பன்றியைச் சேர்த்துக்கொண்டு கோழியை வெளியே விட்டது. கோழிக்கென்று கட்டாய ஆய்வுச் சட்டம் வர 1957 ஆயிற்று.

நம் பக்கம் எல்லாவற்றையும் மாற்றியது பிராய்லர். 1971-இல் பி.வி.ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ், குஞ்சு உற்பத்தியைப் பெருந்தொழில் ஆக்கியது. முட்டைக்கு விலை சொல்லும் என்இசிசி அவருடைய முயற்சியில் 1982-இல் உருவானது. நாமக்கல் முட்டைக்குப் பேர் போனது. 1985-இல் அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது. கறிக்கோழி பல்லடம், உடுமலைப் பக்கம் வளர்ந்தது. 1984-இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990களில் ஒப்பந்தப் பண்ணை முறையைப் பரப்பியது. குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. கிணறு வற்றிய தோட்டக்காரர்கள் பலர் கடன் வாங்கிக் கொட்டகை போட்டார்கள். மழை பொய்த்தாலும் குஞ்சு வந்து இறங்கும் என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

நாற்பது நாள் சுமாரில் இரண்டு கிலோ தேறும் பிராய்லரின் முன்னால் அமுச்சியின் வித்தை செல்லாது. எல்லாக் கோழியும் ஒரே வயது, ஒரே நிறம், ஒரே எடை. முள் முளைக்கும் முன்பே கத்திக்குப் போய்விடுவதால் காலைப் பார்த்து ஒன்றும் தெரியாது. நெஞ்செலும்பு எப்போதும் வளையும். சுறுசுறுப்பைப் பார்க்கலாம் என்றால், கனத்த நெஞ்சைச் சுமந்துகொண்டு அது பிறவியிலேயே உட்கார்ந்திருக்கும். பார்க்க வேண்டியது கோழியிடமிருந்து பண்ணைக்குப் போய்விட்டது. எந்தத் தடுப்பூசி எந்த நாளில், எந்த மருந்தை எப்போது நிறுத்தினார்கள், கொட்டகைத் தரை ஈரமா காய்ந்ததா என்பவைதான் இப்போது சோதனை. வாங்குகிறவர் இவற்றில் எதையும் பார்க்க முடியாது.

ஆனால் அவர் ஒன்றை விடவில்லை. கண்ணெதிரே அறுக்க வேண்டும். தெருமுனைக் கறிக்கடை பிழைத்தது இந்த ஒரு பிடிவாதத்தால்தான். கூண்டில் பத்து இருபது கோழி, ஒரு தராசு, தலை அறுத்ததும் கவிழ்த்துப் போட ஒரு பிளாஸ்டிக் டிரம், புளியங்கட்டை, கத்தி. “தோலோடவா, தோலில்லாமயா?” என்ற கேள்வி. இரண்டு கிலோ கோழி தோல் நீங்கி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கறியாகக் கையில் வரும். மயிர் பிடுங்கும் வேலையும் ஓலையில் வாட்டும் வேலையும் போய்விட்டன. பனியனைக் கழற்றுவதுபோலத் தோலோடு மயிரையும் உரித்துவிடுகிறார்கள். கை சுடும் கறி பையில் விழுந்தால் மக்களுக்கு நிம்மதி.

தன் கண்ணால் பார்த்து வாங்கும் இந்த உரிமைக்காக ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஷெக்டர் சகோதரர்கள் யூத முறைப்படி அறுக்கும் மொத்தக் கோழிக்கடை நடத்தினார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அரசு கொண்டுவந்த உயிர்க்கோழி வணிக விதியில் ஒன்று, வாங்குகிறவர் கோழியைப் பொறுக்கி எடுக்கக் கூடாது என்றது. கூண்டுக்குள் கைவிட்டால் எது அகப்படுகிறதோ அதுதான். ஷெக்டர்கள் தங்கள் வாடிக்கையாளரைப் பொறுக்க விட்டார்கள். உண்பதற்குத் தகாத கோழி விற்றார்கள் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. எப்படிக் கைவிட்டு எடுக்க வேண்டும் என்று வழக்கறிஞர் விளக்கியபோது நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. 1935 மே 27-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த விதிகளை ரத்து செய்தார்கள். சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றம் குடியரசுத் தலைவரிடம் இப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது என்பதும், ஒரு மாநிலத்துக்குள் நடக்கும் வணிகத்தில் மத்திய அரசு இந்த அளவுக்கு நுழைய முடியாது என்பதும்தான் காரணங்கள். கோழியைப் பற்றிய தீர்ப்பு அல்ல அது. ஆனாலும் சட்டம் படிக்கிறவர்களிடம் நோய்க்கோழி வழக்கு என்றே அது பேர் பெற்றுவிட்டது. அமுச்சி அந்தக் கூண்டின் எதிரில் நின்றிருந்தால் ஷெக்டர்கள் பக்கம்தான் சாட்சி சொல்லியிருப்பாள்.

கறியாகவே வாங்க வேண்டிய நிலையில் எதைப் பார்ப்பது? கைக்கும் மூக்குக்கும் இன்றைக்கும் வேலை உண்டு. புதுக்கறி இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஆனால் பிசுபிசுக்காமல் இருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் திரும்ப எழும். கெடுவது எப்போதும் மடிப்பில் தொடங்கும்: இறக்கைக்கு அடியில், தொடை சேருமிடத்தில், கழுத்தில், வயிற்றுக்குழியில். அங்கே முகர்ந்து பார்க்காமல் நெஞ்சை மட்டும் முகர்ந்து பயனில்லை. சாம்பல் அல்லது பச்சை படர்ந்தால், தொட்ட விரலோடு கொழகொழப்பு ஒட்டி வந்தால், கழுவிப் பார்க்க வேண்டியதே இல்லை, போட்டுவிடலாம். தோலின் மஞ்சள் நிறம் புதுமைக்கு அடையாளம் அல்ல. கோழி தின்ற மக்காச்சோளத்தின் நிறம் அது. மேலே பூசிய மஞ்சளோ நிறம் மாறியதை மறைத்துவிடும்; பூசுவதற்கு முன்னே பார்த்துக்கொள்வது நல்லது. உறைந்த கோழியில் எலும்போரம் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். இளம் எலும்பின் மஜ்ஜை கசிந்த நிறம்.

செத்த கோழியை அறுத்து விற்றார்களா என்ற சந்தேகம்தான் என்னிடம் அதிகம் வந்தது. அதற்குத் தடயம் உண்டு. உயிரோடு அறுபட்ட கோழியின் கழுத்து வெட்டு, ரத்தம் ஊறிய விளிம்போடு இருக்கும். செத்தபின் வெட்டியதில் விளிம்பு வெளுத்து நேராக இருக்கும். ரத்தம் வடியாததால் கறி கருஞ்சிவப்பாகும். இறக்கை உட்புறத்து ரத்தக்குழாய்கள் ரத்தம் தேங்கிப் புடைத்துத் தெரியும். துண்டு போட்டுத் தோல் நீக்கிவிட்டால் இந்தத் தடயங்களில் பாதி போய்விடும். கண்ணெதிரே அறுக்கச் சொல்லும் பிடிவாதத்தில் இவ்வளவு நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கமாட்டேன்.

அந்த நியாயம் அதோடு முடிகிறது. கறி புதிதா என்பது ஒரு கேள்வி. தீங்கற்றதா என்பது வேறு கேள்வி. சால்மோனெல்லா கிருமிக்குப் பெயர் கொடுத்த டேனியல் சால்மன் என் தொழில்காரர்தான், அமெரிக்கக் கால்நடை மருத்துவர். அவருடைய ஆய்வகத்தில் தியோபால்ட் ஸ்மித் 1885-இல் அந்த வகைக் கிருமியைப் பிரித்தெடுத்தார். சால்மோனெல்லாவும் கேம்பைலோபேக்டரும் கோழியின் குடலில் பெரும்பாலும் அதற்கு எந்த நோயும் தராமல் குடியிருக்கும். கண்ணெதிரே துள்ளத் துள்ள அறுத்த கோழியிலும் இருக்கும். அவற்றுக்கு நாற்றமும் நிறமும் பிசுபிசுப்பும் இல்லை. அந்தப் புளியங்கட்டையின் வெட்டுத்தடங்களில் காலையில் அறுத்த முதல் கோழியின் ஈரம் மத்தியானக் கோழிக்கும் ஒட்டும். டிரம்முக்குள் முந்தின கோழியின் ரத்தத்தில்தான் அடுத்தது விழுகிறது.

இந்த ஆபத்திலிருந்து நம்மை இதுவரை காப்பாற்றி வந்தது நம் குழம்பு. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால் இந்தக் கிருமிகள் பிழைக்காது; கொதிக்கும் குழம்பு அதைத் தாண்டிப் போய்விடும். எனவே நம் வீடுகளில் ஆபத்து சட்டிக்குள் இல்லை, சட்டிக்கு வெளியே. குழாயை வேகமாகத் திறந்து கறியை அலசும்போது தெறிக்கும் நீர் பக்கத்திலிருக்கும் கொத்தமல்லியில் விழும்; கறி வெட்டிய கத்தியே வெங்காயப் பச்சடிக்கும் போகும். மேலைநாட்டு உணவுத் துறைகள் கோழியைக் கழுவவே வேண்டாம் என்கின்றன. ரத்தமும் எலும்புத்தூளும் ஒட்டிய நம் கடைக்கறியைக் கழுவாமல் போடச் சொன்னால் எந்த வீட்டிலும் கேட்கமாட்டார்கள். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, அதற்குள்ளே மெதுவாக அலசி, பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றுதான் நான் சொல்லி வந்தேன்.

நாக்கு மாறியபோது இந்தக் காவலும் தளர்ந்தது. குழம்பிலிருந்து கிரில்லுக்கும் ஷவர்மாவுக்கும் போனோம். அவற்றில் மேற்பரப்பு சிவந்ததும் நடுப்பகுதி வெந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். 2023 செப்டம்பரில், கோழித் தொழிலின் தலைநகரான நாமக்கல்லிலேயே ஷவர்மா சாப்பிட்ட ஒரு சிறுமி இறந்தார். மாநிலம் முழுக்கக் கடைகளில் சோதனை நடந்தது. ஆனால் நாம் பயப்பட்டதெல்லாம் வேறு இடங்களில். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் என்றதும் இங்கே கறிக்கடைகள் ஈ ஓட்டின. 2020 தொடக்கத்தில் கோழியால் கொரோனா வரும் என்ற வதந்திக்கு விலை தரைக்கு வந்தது. முதல் பயத்தில் கொஞ்சம் பொருள் உண்டு. ஆனால் வேகவைத்த கறியில் அந்த வைரஸ் நிற்காது. இரண்டாவதில் பொருளே இல்லை. இரண்டு முறையும் கட்டையையும் டிரம்மையும் பார்த்து யாரும் பயப்படவில்லை.

ஐஸ்பெட்டிக் கறி என்றால் இன்றும் நம்மவர்களுக்கு இளக்காரம். சூடான கறிதான் புதுக்கறி என்பது கொல்லையில் அடித்த காலத்துக்குப் பொருந்தியது. கடையில் அறுத்து, பைக்கில் தொங்கவிட்டு, வழியில் காய்கறியும் வாங்கி, வீட்டில் மசாலா தடவி மேடையில் ஊறவைக்கும் காலத்துக்கு அது பொருந்தாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் பச்சைக்கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அறுத்த உடனே விறைக்கும் தசை இளக நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும் என்பதால், முறையாகக் குளிரவைத்த கறி மென்மையிலும் தோற்காது. அறுத்ததும் குளிர்பெட்டிக்குப் போய் அடுத்த நாள் வரும் கறி, ஞாயிறு பதினொரு மணிக்கு ஈ மொய்க்கும் கொக்கியில் தொங்கும் கறியைவிட நல்லது. இதைச் சொல்லி என் சொந்தக்காரர்களையே என்னால் ஒத்துக்கொள்ள வைக்க முடிந்ததில்லை.

2006-இல் இயற்றி 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் கோழிக்கடைக்கும் உரிமத்தையோ பதிவையோ கட்டாயமாக்கியது. உரிமம் சுவரில் தொங்குகிறது. அறுப்பது இன்னும் கடை வாசலில் நடக்கிறது. ஆட்டுக்கு முத்திரை குத்தத் தெரிந்த நகராட்சிகள், அதைவிட எத்தனையோ மடங்கு விற்கும் கோழிக்கு ஒரு பொது அறுப்புக்கூடமும் குளிர்அறையும் கட்டித் தர வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் ஏறும் என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மைதான், ஏறட்டும். அதுவரை வாங்குகிறவர்தான் ஆய்வாளர். அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: எப்போது அறுத்தது, அறுத்த பிறகு எங்கே இருந்தது, அடுப்பேறும்வரை எவ்வளவு நேரம் வெளியே கிடக்கப்போகிறது. மூன்றாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்ல.